குழாயில் தண்ணீர் வராத படகுத்துறைக்கு 3 நட்சத்திரம்

படகில் எப்படிக் குடியிருக்கிறீர்கள் என்று அம்மா கேட்ட கேள்விகளுக்கு, அவள் கேட்ட வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். கக்கூஸ் இருக்கிறது. கரண்ட் இருக்கிறது, பெரும்பாலும். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு தடவைகூட தண்ணீரில் விழவில்லை. விழுந்தது இவர்தான், அதுவும் படகிலிருந்து இல்லை, கரையில் நின்று சைக்கிளைத் தூக்கும்போது. குளிர் உண்டு. எலி கிடையாது. தண்ணீர்க் கதைதான் கொஞ்சம் பெரியது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் நாலு பேர், 11 மீட்டர் நீளமுள்ள பழைய இரும்புப் பாய்மரப் படகு ஒன்றில் குடியிருக்கிறோம். இடம் வட ஜெர்மனி, நோர்ட்-ஓஸ்ட்சே கால்வாய் ஓரம். வெளியூர்க் கப்பல்காரர்கள் கீல் கால்வாய் என்பார்கள். போன அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை படகைக் கட்டிப்போட்டிருந்த துறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். துறையின் பெயரைப் போடமாட்டேன். அதைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் நல்ல மனுஷன், நான் சொல்லப்போகிற விஷயங்களில் சிலது நல்லதில்லை. ரெண்ட்ஸ்பர்குக்கும் கீலுக்கும் நடுவே, கால்வாயிலிருந்து பக்கவாட்டில் ஒதுங்கிக் கிடக்கிற ஒரு பழைய நீர்க்கிளையில் இருக்கிறது. அது போதும்.

இவர் தூத்துக்குடி. கப்பலில் செகண்ட் இஞ்சினியராக இருந்து, இப்போது கீலில் ஒரு இன்ஜின் பட்டறையில் வேலை. நான் திருமங்கலம் பக்கம். எங்கள் ஊர்க் கண்மாயில் வருஷத்தில் பாதி நாள் கிரிக்கெட் விளையாடுவார்கள். அந்தக் கண்மாயைப் பார்த்து வளர்ந்தவள் எழுதும் விமர்சனம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இங்கே இடம் பிடிக்கும்போது ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். கால்வாய் ஓரமா? கப்பல் போக்குவரத்து தெரியுமா? பிள்ளைகள் தூங்குமா? அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வருஷத்துக்கு ஏறக்குறைய 25,000 கப்பல் போகிற வழி இது. கணக்குப் போட்டால் ராப்பகலாக இருபது, இருபத்தொரு நிமிஷத்துக்கு ஒன்று. இந்த 98 கிலோமீட்டர் வெட்டு இல்லாவிட்டால் ஹாம்பர்கிலிருந்து பால்டிக் கடலுக்குப் போகிற ஒவ்வொரு கப்பலும் டென்மார்க்கின் தலையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். சராசரியாக 250 கடல் மைல், ஏறக்குறைய 460 கிலோமீட்டர் மிச்சம். மதுரையிலிருந்து சென்னைக்குப் போகிற தூரம். அப்பாவிடம் இப்படிச் சொன்ன பிறகுதான் அவருக்குக் கால்வாய் புரிந்தது. "வைகை எக்ஸ்பிரஸ் ஓடுற தூரத்தை வெட்டிக் குறைச்சிருக்கான்னு சொல்லு" என்றார்.

கப்பல் எங்களை என்ன செய்தது? உண்மையைச் சொன்னால், அதிகமாக ஒன்றும் செய்யவில்லை. கால்வாயில் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் கூடாது, ஆழமாக உட்கார்ந்து வரும் பெரிய கப்பலுக்கு 12. சைக்கிளில் போகிற பெண்பிள்ளை முந்திவிடுவாள். எங்கள் மகள் முந்தியிருக்கிறாள்.

ஆனால் பெரிய கப்பல் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் தண்ணீருக்குத் தெரிந்துவிடும். கால்வாய் குறுகல், கப்பல் அகலம். அது வரும்போது பக்கத்திலிருக்கிற தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. எங்கள் கிளையிலிருந்தும் தண்ணீர் சத்தமில்லாமல் வெளியே போகும். மிதவைப் பாலத்தைத் தாங்கி நிற்கும் தூண்களில் ஒரு சாண் உயரத்துக்குப் பாசி பிடித்த ஈரப் பட்டை தெரியும். படகு லேசாக மூக்கைத் திருப்பும். கயிறுகள் முறுக்கேறி முனகும். பக்கவாட்டு ரப்பர் உருளைகள் பாலத்தில் உரசிக் கீச்சென்று கத்தும். மேஜைமேல் டீ டம்ளரில் டீ ஒரு பக்கமாகச் சாயும். அப்புறம் மரங்களுக்கு மேலே பெட்டி பெட்டியாகக் கண்டெய்னர் அடுக்கு ஒன்று, வயலுக்குள்ளேயே போவதைப்போல, மெதுவாக நகர்ந்து போகும். அது போன பிறகு போன தண்ணீர் எல்லாம் திரும்பி வரும். இவ்வளவுதான். ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

படுத்தால் வேறொரு சங்கதி. எங்கள் கட்டில் நீர்மட்டத்துக்குக் கீழே. தலையணையில் காதை வைத்தால் இரும்புச் சுவர் வழியாகக் கப்பல் கேட்கும். முதலில் அது சத்தமாக இருக்காது, பல்லில் ஒரு அதிர்வு மாதிரி. பிறகு தடுக்... தடுக்... தடுக்... சின்னவனுக்கு ஐந்து வயசு. நவம்பர் முடிவதற்குள் அவனுக்குக் காது பழுத்துவிட்டது. "அம்மா, இது சின்னது. இது ரெண்டு வருது. இது கோபமா வருது." கோபமாக வருவது என்றால் கப்பலைத் தள்ளும் விசிறியின் இலையில் ஏதோ பழுது இருக்கும் என்று இவர் விளக்கம் சொன்னார். அவன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, கோபமே என்று விட்டுவிட்டான்.

தூக்கத்துக்கு நட்சத்திரம் குறைக்கவில்லை. குறைத்தது குழாய்க்கு.

துறையின் விளம்பரத்தில் "ஆண்டு முழுவதும் தண்ணீர், மின்சாரம்" என்று இருந்தது. நவம்பர் முதல் வாரத்தில் மிதவைப் பாலத்துக் குழாய்களையெல்லாம் அடைத்து, குழாய்க்குள் இருந்த தண்ணீரை வடித்துவிட்டார்கள். உறைந்தால் குழாய் வெடித்துவிடும், நியாயம்தான், இந்த நாட்டில் பல துறைகளில் செய்வார்கள். அப்படியென்றால் ஆண்டு முழுவதும் என்று ஏன் எழுதவேண்டும்? பெரியவரிடம் கேட்டேன். இங்கே காலை, மதியம், ராத்திரி எந்நேரமும் "மொயின்" என்றுதான் வணக்கம் சொல்வார்கள். அவரும் மொயின் சொல்லிவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"தண்ணீர் இருக்கிறதே. கட்டடத்துக்குள்ளே."

"படகுக்கு?"

"குளிர்காலத்தில் படகில் யாரும் இருப்பதில்லையே."

"நாங்கள் இருக்கிறோம்."

கொஞ்சம் யோசித்தார். "ஆமாம்" என்றார். அவ்வளவுதான்.

கட்டடம் எங்கள் இடத்திலிருந்து 190 எட்டு. எண்ணியிருக்கிறேன். வேறு வேலை என்ன? ஒருநாளைக்கு எங்களுக்கு 50 லிட்டராவது வேண்டும், அதுவும் குளியலைக் கட்டடத்தில் முடித்துக்கொண்டால்தான். 10 லிட்டர் கேன்கள் வாங்கினோம். அதில்தான் முதல் சிக்கல். கட்டடத்தில் இருப்பதெல்லாம் கைகழுவும் தொட்டிதான், குழாய்க்கும் தொட்டிக்கும் இடையே நாலு விரல்கடை. கேன் நுழையாது. துடைப்பமும் வாளியும் வைக்கிற சின்ன அறையில் ஒரு குழாய் கொஞ்சம் உயரமாக இருந்தது, அது பூட்டு. கடைசியில் சோடா பாட்டிலின் கழுத்தை அறுத்து, அதில் ஒரு முழம் ரப்பர் குழாயைச் செருகி, கைகழுவும் குழாயின் மூக்கில் மாட்டி, கேனைத் தரையில் வைத்துப் பிடித்தேன். கேன் நிறைய மூன்றேகால் நிமிஷம். பல் தேய்க்க வந்த ஒரு மீன்பிடி மனுஷர் மொயின் சொல்லிவிட்டு அந்த ஏற்பாட்டை ரொம்ப நேரம் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பனி படிந்த மிதவைப் பாலத்தில் இரண்டு கையிலும் கேன் என்றால் வழுக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கையும் இருக்காது. அதனால் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். இடுப்பு மறக்கவில்லை. ஆறாம் வகுப்பில் தெருமுனைக் குழாயிலிருந்து குடம் சுமந்தவள்தானே. ஜெர்மனிக்கு வந்து, அதுவும் தண்ணீர் மேலேயே குடியேறி, திரும்பவும் தண்ணீர் தூக்குகிறேன் என்று வீடியோவில் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "லாரி வருமாடி?" என்று கேட்டாள்.

நேர்மையாக இதையும் சொல்லவேண்டும். ஜனவரி நடுவில் ஒருநாள் பெரியவர் கேனும் இடுப்புமாக என்னைப் பார்த்தார். மறுநாள் காலையில் துடைப்ப அறையின் சாவி எங்கள் தபால்பெட்டியில் கிடந்தது, ஒரு சீட்டுகூட இல்லாமல். அந்தத் தபால்பெட்டியும் அவர் தந்ததுதான். துறையின் வாசலில் எங்கள் பெயரை ஒட்டிக்கொள்ள விட்டார். பெயர் ஒட்டிய பெட்டி இல்லாவிட்டால் இந்த நாட்டில் தபால் மட்டுமில்லை, ஆளே இல்லை என்று அர்த்தம். வேறு இரண்டு துறைகளில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது கரண்ட். பாலத்துப் பெட்டியில் அழகான நீலநிறப் பெரிய பிளக் இருக்கிறது, 16 ஆம்பியர் தாங்கும் பிளக். அதற்குப் பின்னால் இருக்கிற ஃபியூஸ் 6 ஆம்பியர். இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, முதல் நாள் ராத்திரி ஹீட்டர் ஓடும்போது கெட்டிலைப் போட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட். ஒரு சின்ன ஹீட்டருக்குச் சரியாகப்போகும், கெட்டில் தனியாகவே அதைத் தாண்டிவிடும். ஃபியூஸ் போனால் போகட்டும், தட்டிவிட்டுக்கொள்ளலாம் என்றால் பெட்டி பூட்டு. சாவி பெரியவரிடம். பெரியவர் காலை ஒன்பது மணிக்கு வருவார். மைனஸ் 6 டிகிரியில் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தோம். படகில் பேட்டரியில் ஓடும் டீசல் ஹீட்டர் ஒன்று இருந்ததால் இந்த விமர்சனத்தை விரல்களோடு எழுதுகிறேன். குளிர்காலத்தில் படகில் இருக்க நினைப்பவர்கள் கரைக் கரண்டை நம்பி வரவே வராதீர்கள். கூடவே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டுங்கள், இரண்டாக மாட்டினால் இன்னும் நல்லது. கேஸ் சிலிண்டரில் புரொப்பேன் கேட்டு வாங்குங்கள். பியூட்டேன் சிலிண்டர் பனியில் தூங்கிவிடும், நீங்கள் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

தோசை என்றதும் நினைவுக்கு வருகிறது, மாவு. கால்வாய்க்கு நான் கொடுக்கும் முழு மதிப்பெண் இதற்குத்தான். கால்வாயில் பாயை மட்டும் விரித்துப் போகக்கூடாது, இன்ஜின் ஓட்டித்தான் ஆகவேண்டும். எங்களைப் போன்ற சின்னப் படகுகளுக்குப் பகலில் மட்டும்தான் அனுமதி. அக்டோபரில் கீலின் ஹோல்டனாவ் மடைக்கதவைத் தாண்டி இங்கே வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று காலை அரைத்த மாவைப் பாத்திரத்தோடு இன்ஜின் பெட்டிக்குள், சூடு மேலே படாத ஒரு மூலையில், பழைய துண்டு சுற்றி வைத்தேன். துறையில் கட்டிய பிறகும் இன்ஜின் ராத்திரி வரை ஆறாது. மறுநாள் காலை மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு எழுந்து நிற்கிறது! ஜெர்மனியில் ஏழு வருஷமாக ஓவன் விளக்கு, போர்வை, தயிர், வெந்தயம் என்று என்னென்னவோ செய்து பார்த்தவள் நான். இப்படிப் பொங்கிப் பார்த்ததில்லை. இதற்காகவே வாரம் ஒருமுறை கால்வாயில் போய்வரலாம் என்றேன். டீசல் விலையைச் சொல்லி இவர் மறுத்துவிட்டார். மீதிக் குளிர்காலம் முழுக்க மாவு டீசல் ஹீட்டரின் காற்றுக்குழாய் பக்கத்தில், சின்னவனின் படுக்கைக்குக் கீழே. அவன் சாக்ஸ் கொஞ்சம் புளித்த வாடை அடித்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை.

ஈரத்தைப் பற்றித் துறையைக் குறை சொல்ல முடியாது. இரும்புப் படகு உள்ளே வியர்க்கும், நாலு பேர் மூச்சு, சமையல் ஆவி, எல்லாம் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்புப் புள்ளி. மெத்தைக்கு அடியில் மரச்சட்டம் அடித்துக் காற்று போக வழி செய்தோம். ஆனால் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குத் துறைதான் பொறுப்பு. 50 சென்ட் போட்டால் இருபது நிமிஷம் சுற்றும். வெதுவெதுப்பாக ஈரத்தைப் பிரித்துக் கொடுக்கும், எடுத்துக்கொள்ளாது. பிள்ளைகளின் பனி உடுப்பு ஒன்று காய ஏழு தடவை காசு போடவேண்டும். ஒரு நட்சத்திரம் இங்கே போனது.

பள்ளிக்கூடம். வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுப்பதெல்லாம் ஜெர்மனியில் நடக்காது, பிள்ளை பள்ளிக்கூடம் போயே ஆகவேண்டும். பெரியவளின் பள்ளி கால்வாயின் அந்தக் கரையில். போய்வர வண்டி ஏற்றும் ஃபெர்ரி, டிக்கெட் கிடையாது. கால்வாயை 1895-இல் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் திறந்தார். வெட்டும்போது பலபேர் வயல் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கமாகப் போய்விட்டதால் கடக்கக் காசு வாங்குவதில்லை என்று ஆனது, இன்றுவரை அப்படியே. படகில் குடியிருக்கிற பிள்ளை படகு ஏறிப் பள்ளிக்கூடம் போகிறது. கப்பல் வந்தால் ஃபெர்ரி காத்திருக்கும். "கப்பல் வந்தது, அதனால் தாமதம்" என்று சொன்னால் டீச்சர் கேள்வி கேட்கமாட்டார், அது ஊரறிந்த காரணம். கப்பல் வராத நாளிலும் இரண்டு தடவை வந்திருக்கிறது என்று பிப்ரவரியில்தான் எனக்குத் தெரியவந்தது. நகரும் கப்பலெல்லாம் இப்போது கைப்பேசியில் தெரியும் என்பதை டீச்சர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போக இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரெண்ட்ஸ்பர்கில் 1913-இல் கட்டிய இரும்பு ரயில் பாலம் இருக்கிறது. கப்பல் அடியில் போக 42 மீட்டர் உயரம் வேண்டும். அவ்வளவு உயரத்திலிருந்து ரயில் உடனே ஊர் ஸ்டேஷனுக்கு இறங்கவும் வேண்டும். அதனால் தண்டவாளத்தை வீடுகளைச் சுற்றி முறுக்குப் பிழிந்த மாதிரி ஒரு வளையம் வளைத்துவிட்டார்கள். பாலத்துக்கு அடியில் கம்பிகளில் தொங்கிக்கொண்டு ஒரு மேடை, காரையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்கு மேலே ஊஞ்சல் மாதிரி இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும். 2016 ஜனவரியில் ஒரு சரக்குக் கப்பல் இதில் மோதிச் சிதைந்துபோய், புதிதாகச் செய்து 2022-இல் மாட்டினார்கள். இதுவும் காசில்லை. சின்னவனை இறக்கிவிட முடியாமல் ஒரே நாளில் பதினோரு தடவை போய்வந்தோம். பாலத்தடியில் போகிற கப்பலுக்கு அதன் நாட்டுத் தேசிய கீதத்தைப் போட்டு வரவேற்கிற வழக்கமும் உண்டு. என் மகள் எந்த நாட்டுக் கொடி என்றெல்லாம் பார்ப்பதில்லை, எல்லாக் கப்பலுக்கும் "வணக்கம்!" என்று கத்துவாள். ஒரே ஒரு தடவை மேல்தளத்திலிருந்து ஒருவர் இரண்டு கையையும் கூப்பினார். யார் என்று தெரியாது. அன்று முழுக்க அவள் தரையில் இல்லை.

பயந்த ராத்திரி ஒன்று உண்டு, அதை மறைத்தால் விமர்சனம் பொய். பிப்ரவரியில், இரண்டு மணி இருக்கும். படகு ஒருபக்கமாகச் சாய்ந்து, மேலே ஏதோ துப்பாக்கி வெடித்ததைப்போல டப் என்று சத்தம். கழுவிய பாத்திரங்கள் அத்தனையும் தரையில். இவர் உள்ளாடையோடு மேலே ஓடினார், நான் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டேன். நீளமான கப்பல் ஒன்று போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக இறங்கியிருந்தது, முன்பக்கக் கயிறு அறுந்து தொங்கியது. கப்பலைச் சொல்லிக் குற்றமில்லை. அன்று சாயங்காலம் காற்று என்று பயந்து கயிறுகளைத் தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டியது நான். தண்ணீர் இறங்கினால் படகும் கூட இறங்க கயிறு இடம் விடவேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற மனுஷர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. இரண்டாவது கயிறு தாங்கியது. காலையில் பெரியவர் அறுந்த கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிடங்கிலிருந்து பழைய தடித்த கயிறு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வாடகை, இதே பக்கத்தில் இரண்டு அறை வீட்டுக்குக் கேட்பதில் ஐந்தில் ஒரு பங்கு. கரண்ட் தனி, மீட்டர் ஒழுங்காகப் பார்த்து எழுதினார்கள். கட்டடத்து வெந்நீர்க் குளியலறை சுத்தம், சூடு, காசு போடவேண்டியதில்லை. அரை மணி நேரம் நின்றாலும் கதவைத் தட்ட ஆளில்லை, குளிர்காலத்தில் அங்கே நாங்கள்தானே ஜனத்தொகை.

அடுத்த குளிர்காலத்துக்கும் இதே துறையில் சொல்லிவைத்துவிட்டோம். துடைப்ப அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப்போனேன், "எதற்கு? நவம்பரில் திரும்பவும் கேட்கப்போகிறாய்" என்றார் பெரியவர். விளம்பரத்தில் அந்த "ஆண்டு முழுவதும்" இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை மாற்றினால் நாலாவது நட்சத்திரம் போட நான் தயார். யாராவது கண்டுபிடித்து வந்தீர்களென்றால், கால்வாய் வாயைப் பார்த்த மாதிரி கடைசியில் இருக்கிற இடத்தை மட்டும் கேட்காதீர்கள். அது எங்களுடையது. சின்னவன் சண்டைக்கு வருவான்.